அப்பாவின் கடன் நோட்டில் பெயரே இல்லை: பாம்பன், தங்கச்சிமடம் ஆட்கள் சொல்லுங்களேன்

பாம்பன்பொண்ணு கேட்டது:

பாம்பன்ல எங்கப்பா வலைச்சாமான் கடை வச்சிருந்தாங்க. நூலு, கயிறு, ஈயக்குண்டு, தக்கை, தூண்டில் முள்ளு. 1988ல ரோட்டுப் பாலம் தொறந்த கையோட ஆரம்பிச்ச கடை. லாரி தீவுக்குள்ள வந்துட்டா நூலு விலை இறங்கும்னு கணக்குப் போட்டாங்களாம். விலை இறங்கல, கடை மட்டும் நின்னுச்சு.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலத்துல ரயில் போனதைப் பார்த்தாங்க. மே மாசம் தவறிட்டாங்க. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு பூரா கரையில கிடந்துச்சு. அதனால ஊரே வந்துருச்சு. "மனுசன் நாள் பார்த்துல்ல போயிருக்காரு"ன்னு ஒரு பெரியவர் சொல்ல, அழுதுக்கிட்டு இருந்த நாங்க சிரிச்சுட்டோம்.

இப்ப வருசப் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கணும். அச்சகத்துல "பாசத்தின் சிகரமே, பண்பின் உறைவிடமே"ன்னு தயாரா வச்சிருக்காங்க. எங்கப்பாவை யாரும் சிகரம்னு கூப்பிட்டதில்ல.

பீரோவுல 7 நீட்டு நோட்டு இருக்கு. கணக்கு அவ்வளவு சுத்தம். பேருதான் இல்ல. "பச்சை வத்தை", "மோதிரம்", "கண்ணாடி 4 பேரு", "வாப்பா மகன்", "பேசாதவன்"... இப்படியே போகுது. உசுரோட இருக்கும்போதே கேட்டிருக்கேன். "பேரை எழுதினா எவனாவது புரட்டிப் பார்ப்பான், அவன் வீட்டுப் பொம்பளைக்கு அசிங்கம்"னாங்க. இன்னொரு நாள் வேற மாதிரி சொன்னாங்க. தனுஷ்கோடியில தாத்தா வச்சிருந்த பலசரக்குக் கடை 1964 டிசம்பர் புயல்ல நோட்டோட போயிருச்சு. அப்ப அப்பாவுக்கு ஆறு வயசு. அதுக்கப்புறமும் ரெண்டு பேரு தேடி வந்து பாக்கியைக் குடுத்தாங்களாம். "அவங்க என்ன நோட்டைப் பார்த்தா வந்தாங்க?"

தம்பி வசூல் பண்ணணும்ங்கிறான். தப்பில்ல, கடையை இப்ப அவன்தான் பார்க்கிறான். அம்மா அடுப்புல போடச் சொல்றாங்க. எனக்குப் பணம் பேச்சில்ல. இவங்கல்லாம் யாரு?

---

பேரேடு (ராமநாதபுரம்):

அப்பாவுக்கு என் அஞ்சலி. கசப்பா இருந்தாலும் சொல்லிடறேன். கடனுக்குக் குடுத்த சரக்குப் பாக்கிக்கு 3 வருசம்தான் வழக்குக் கெடு. அதுக்குள்ள கடன்காரர் எழுத்துல ஒத்துக்கிட்டா புதுசா எண்ணிக்கை தொடங்கும். பேரே இல்லாத நோட்டை வச்சு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. தம்பிகிட்ட இதைக் காட்டுங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, பற்று எது வரவு எதுன்னு பிரிச்சுப் பாருங்க. அப்பா தர வேண்டியதும் அதுக்குள்ளயே இருக்கலாம்.

---

தங்கச்சிமடத்தான்:

தங்கச்சி, "மோதிரம்" எங்க அய்யா. ஒருதடவை வலை மடி பாறையில மாட்டி மொத்தமா அறுந்துபோச்சு. மறுபடி கடலுக்குப் போகக் கயிறு வேணும், கையில காசு இல்ல. கல்யாண மோதிரத்தைக் கழட்டி உங்கப்பா மேசையில வச்சிருக்காரு. உங்கப்பா எடுத்து அவரு விரல்ல போட்டுப் பார்த்தாரு. கணுவைத் தாண்டல. "எனக்குப் பத்தல, நீயே வச்சுக்க"ன்னுட்டு கயித்தை அளக்க ஆரம்பிச்சுட்டாராம். அந்தப் பாக்கியை அய்யா எப்பவோ தீர்த்தாச்சு. ஆனா கடைசி வரைக்கும் எங்க வீட்டுக் கணக்கு மோதிரம்தான்.

---

சின்னப்பாலம் பையன்:

கண்ணாடி 4 பேருல ஒருத்தர் எங்கம்மா. கடல்பாசி எடுக்கப் போறவங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் போவாங்க, மத்த நாள்ல கையில சல்லிக்காசு இருக்காது. முங்குற கண்ணாடியை வாங்கிட்டு பாசி எடை போட்டதும் குடுப்பாங்க. வார் அறுந்தா சைக்கிள் டியூபை வெட்டி அவரே மாட்டி விடுவாரு, அதுக்குக் காசு கிடையாது.

ஆனா ஆளு லேசுப்பட்டவர் இல்லக்கா. கயிறு ஒரு முழம் கூடக் கேட்டுட்டா மீட்டர் குச்சியால மேசையில ஒரு தட்டு தட்டுவாரு பாருங்க! சின்னப் பிள்ளைல நான் அந்தக் கடை வாசல்லயே நிக்க மாட்டேன். இதையும் அட்டையில போடுங்க.

---

கீழக்கரை மைந்தன் (துபாய்):

வாப்பா மகன் நான்தான். அது கடன் இல்ல, வரவுப் பக்கம் பாருங்க. கடை ஆரம்பிக்க எங்க வாப்பா கொஞ்சம் பணம் குடுத்தாங்க. உங்க அத்தா திருப்பித் தர வந்தப்ப வாங்கல. அதுலேர்ந்து வருசா வருசம் எங்க வீட்டுக்குச் சீலாக் கருவாடு வரும். வாப்பா மௌத்தான பிறகும் நிக்கல. என் பேர்ல வந்துச்சு.

---

பாம்பன்பொண்ணு:

பார்த்துட்டேன் காக்கா. வரவுலதான் இருக்கு. ரூபாயே இல்ல, ஒவ்வொரு வருசத்துக்கும் "சீலா 2"ன்னு மட்டும். கருவாடு அனுப்பினதை ஏன் வரவுல எழுதினாங்கன்னு அண்ணன் பேரேடுதான் சொல்லணும்.

இன்னைக்கு அம்மாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். "பேசாதவன்" யாருன்னு அவங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியுமாம். எங்க தம்பி. கடையை எடுத்து நடத்த மாட்டேன்னு சண்டை போட்டுட்டு ரெண்டு வருசம் பேசாம மதுரையில இருந்தான். அப்ப அவன் கட்டின காலேஜ் பீஸ், ரூம் வாடகை எல்லாம் அந்தப் பக்கத்துல இருக்கு. இன்னும் அவன்கிட்ட காட்டல.

தங்கச்சிமடத்து அண்ணே, "எனக்குப் பத்தல, நீயே வச்சுக்க"ங்கிறதை அட்டையில போட்டுக்கலாமா? அய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.