செஸ்னா 172-இல் பறக்கும்போது மின்சாரம் விட்டு விட்டுப் போகிறது, தரையில் ஒன்றும் தெரியவில்லை

நீலவானம்:
வணக்கம். ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு சிறிய விமானத் திடலில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு 1975 செஸ்னா 172எம் சிறு விமானம் வைத்திருக்கிறோம். 14 வோல்ட் சிஸ்டம், 60 ஆம்ப் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்ற மின்சாரம் தருவது). கிளம்பும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். கொஞ்ச நேரம் பறந்த பிறகு, அதுவும் வெயில் நாளில், கரண்ட் போகிறது. 'ஹை வோல்டேஜ்' சிவப்பு விளக்கு எரியும், அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். மாஸ்டரை (மொத்த மின்சாரத்துக்குமான சுவிட்சை) அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாள் மெக்கானிக் பார்க்கும்போது குறையே இல்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றியாகிவிட்டது, பலன் இல்லை. அடுத்து ஆல்டர்னேட்டர் என்கிறார். வாங்கலாமா?

கருடன்_பார்வை:
ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும் இப்படித்தான் வரும், போகும். எங்கள் 150-இல் அதுதான் காரணம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை. ஃபீல்டு வயர் (ஆல்டர்னேட்டரைத் தூண்டும் சின்ன கரண்ட் போகும் வயர்) ஆல்டர்னேட்டரில் சேரும் இடத்தில் அதிர்வு தாங்காமல் உள்ளுக்குள் அறுந்திருக்கும், வெளியே உறை நன்றாகவே தெரியும். அதையும் லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
தம்பி, அதற்குள் எதையும் வாங்க வேண்டாம். ஒன்று சொல்லுங்கள். 'கரண்ட் போகிறது' என்றால் எது போகிறது? சார்ஜ் மட்டும் நின்று, ரேடியோ பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கிறதா? அல்லது ஒரு நொடி எல்லாமே செத்து மறுபடி வருகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

நீலவானம்:
நீங்கள் கேட்ட பிறகு நண்பர்களிடமும் விசாரித்தேன் அண்ணா. முதலில் ஒரு நொடி எல்லாமே போகிறது. ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் கருவி) இரண்டும் அணைந்து புதிதாகத் தொடங்குகின்றன. அதற்குப் பிறகுதான் சிவப்பு விளக்கு.

ஸ்பேனர்:
அப்படியானால் என் சந்தேகம் ஆல்டர்னேட்டர் மேல் இல்லை. இந்த மாடலில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் வோல்டேஜ் இப்போது அதிகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆல்டர்னேட்டர் அணைந்துவிட்டது, பேட்டரி மட்டும்தான் ஓடுகிறது என்று அர்த்தம். மாஸ்டர் சுவிட்ச் இரண்டு பாதி: ஆல்டர்னேட்டருக்கு 'ஆல்ட்', பேட்டரிக்கு 'பேட்'. ஆல்ட் பாதியை மட்டும் அணைத்தாலும் அது எரியும். பெயரைப் பார்த்துதான் பலர் நேராக ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள்.

நடப்பது இதுவாக இருக்கலாம். பேட்டரிக்கும் பஸ்ஸுக்கும் (எல்லாக் கருவிக்கும் கரண்ட் பிரியும் பொதுப் பட்டைக்கும்) நடுவே ஒரு காண்டாக்டர், அதாவது பெரிய ரிலே, இருக்கிறது. அது ஒரு கணம் விட்டுவிட்டால் பஸ்ஸில் ஆல்டர்னேட்டர் தனியாக நிற்கும். வோல்டேஜ் எகிறாமல் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி இப்போது இல்லை. வோல்டேஜ் துள்ளும், ஓவர்வோல்டேஜ் சென்சார் ஆல்டர்னேட்டரை அணைக்கும். அந்த நொடியில் இரண்டு மூலமும் இல்லை, எல்லாம் இருட்டு. காண்டாக்டர் மறுபடி பிடித்ததும் பேட்டரி கரண்ட் வரும், சிவப்பு விளக்கு எரியும், முள் டிஸ்சார்ஜ் காட்டும். மாஸ்டரை அணைத்துப் போட்டால் சென்சார் ரீசெட். நீங்கள் சொன்ன வரிசை அப்படியே பொருந்துகிறது.

காண்டாக்டர் ஏன் விடுகிறது? அதன் காயிலுக்கு பேட்டரியிலிருந்து பாசிட்டிவ் எப்போதும் இருக்கும். மாஸ்டரின் பேட் பாதி செய்வது மறுமுனையை பாடி எர்த்தில் சேர்ப்பது மட்டும்தான். அந்த சுவிட்ச் ஐம்பது வருடப் பழசு. காண்டாக்டர் இருப்பதோ எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் சுவரில், எஞ்சின் சூட்டுக்குள். காயில் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறி பிடிமானம் குறையும். மறுநாள் காலையில் ஆறிப்போன விமானத்தில் குறை எப்படித் தெரியும்?

பறந்து இறங்கியதும் சூடு ஆறுவதற்குள் அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நின்று, மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) சாவி கையில் இருக்கும்போது மட்டும். மாஸ்டரைப் போட்டு, காண்டாக்டரில் சுவிட்சுக்குப் போகும் சின்ன டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட சுழியம் இருக்க வேண்டும். டாஷ்போர்டை லேசாகத் தட்டும்போது அளவு ஏறினால் சுவிட்சோ அதன் எர்த் வயரோ குற்றவாளி. அப்புறம் லேண்டிங் லைட்டைப் போட்டு காண்டாக்டரின் இரண்டு பெரிய டெர்மினல்களுக்கு இடையே பாருங்கள். அங்கே அரை வோல்ட் நின்றால் காண்டாக்டரின் உள் முனைகள் கருகிவிட்டன. பேட்டரி நெகட்டிவ் கேபிள், எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்கு வரும் எர்த் பட்டை இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது எப்படியும் நல்லது.

தட்டாம்பூச்சி:
காண்டாக்டர் மாற்ற நேர்ந்தால் கார் பாகங்கள் விற்கும் கடைக்குப் போய்விடாதீர்கள். ஸ்டார்ட்டர் ரிலேயும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது சில நொடி வேலைக்கானது. மணிக்கணக்கில் மாஸ்டராக வைத்தால் காயில் எரியும்.

நீலவானம்:
நாங்களே அளந்து மாற்றிக்கொள்ளலாமா? மல்டிமீட்டர் இருக்கிறது.

ஸ்பேனர்:
அமெரிக்க விதிப்படி உரிமையாளர் தாமே செய்யக்கூடிய பராமரிப்பில் பேட்டரி மாற்றுவது உண்டு. அறுந்த வயரைத் தேடிச் சரிசெய்வது லேண்டிங் லைட் சர்க்யூட்டுக்கு மட்டும்தான். மாஸ்டர் சுவிட்ச் அந்தப் பட்டியலில் இல்லை. ஏ அண்ட் பி (சான்று பெற்ற விமான) மெக்கானிக் பக்கத்தில் நின்று மேற்பார்க்க நீங்கள் வேலை செய்யலாம், லாக் புத்தகத்தில் கையெழுத்து அவருடையது.

இரவல்_சிறகு:
அதுவரைக்கும் பறக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. எஞ்சின் நிற்காது, உண்மைதான். மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை, 172-இல் பெட்ரோலும் மேல் இறக்கையிலிருந்து தானாக இறங்கும். ஆனால் ஃப்ளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் பலகையை) 40 டிகிரி இறக்கிய பிறகு கரண்ட் போய், அந்த நேரம் பார்த்து கோ-அரவுண்டு (இறங்காமல் மறுபடி மேலே) போக வேண்டியிருந்தால்? ஃப்ளாப் மோட்டாரும் கரண்டில்தான் ஓடுகிறது, மேலே ஏறவே ஏறாது. ஃப்யூவல் கேஜும் போய்விடும். ஹூஸ்டன் பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம், அதுவும் உங்களிடம் அணைந்து அணைந்து எழுகிறது. ரேடியோ மட்டும் போனால் டிரான்ஸ்பாண்டரில் அதற்கான 7600 குறியீட்டைப் போடலாம், டிரான்ஸ்பாண்டருக்கே கரண்ட் இல்லையென்றால் எதைப் போடுவீர்கள்? கையடக்க ரேடியோ ஒன்று பையில் இருக்கட்டும்.

நீலவானம்:
முடிவு தெரிந்துவிட்டது. எஞ்சினைத் தரையில் நன்றாகச் சூடாக்கி நிறுத்திவிட்டு மெக்கானிக்கே அளந்தார். சின்ன டெர்மினலில் அளவு நிலையாக நிற்கவில்லை. டாஷ்போர்டைத் தட்டினால் 3 வோல்ட், 5 வோல்ட் என்று குதித்தது, ஒரு தடவை காண்டாக்டர் 'டக்' என்று விட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. சுவிட்சைக் கழற்றினால் பேட் பாதியின் முனை கறுத்துப் போயிருந்தது. புது சுவிட்ச் போட்டு, காண்டாக்டரையும் சேர்த்து மாற்றிவிட்டோம். மதிய வெயிலில் சுற்றிப் பார்த்தாகிவிட்டது, சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. அம்மீட்டர் முள் இன்னும் லேசாகத் துடிக்கிறது. இது முன்பும் இருந்தது.

ஸ்பேனர்:
அது ஃபீல்டு சர்க்யூட். பஸ்ஸுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே பிரேக்கர், சுவிட்சின் ஆல்ட் பாதி, சென்சார், பிளக் என்று எத்தனையோ இணைப்புகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் விழுந்தால் ரெகுலேட்டர் பஸ் வோல்டேஜைத் தவறாகப் படித்து, கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். புது சுவிட்ச் வந்தும் துடிக்கிறது என்றால் ஃபீல்டு பிரேக்கரிலிருந்தும் பிளக் முனைகளிலிருந்தும் தொடங்குங்கள். அவசரமில்லை, அடுத்த ஆயில் மாற்றத்தோடு பார்த்தால் போதும்.

நீலவானம்:
நன்றி அண்ணா. கழற்றிய பழைய ரெகுலேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமா?

கருடன்_பார்வை:
சான்றுச் சீட்டு இருந்தால் எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.