செக் ரிட்டன் ஆன கையோடு ஆராதனைக்குப் போனவர்கள் உண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

கந்தப்பளை மரக்கறி

வியாபாரத்தில் வயிறெரியும்போது விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள்? பிரசங்கம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்னும் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது.

செக் ரிட்டன் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லீக்ஸும் கரட்டும் கொடுத்தேன், மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர் அடுத்த மாதத் திகதி போட்டு செக் தந்தார், அது திரும்பிவிட்டது. ஆள் நம் சபைதான். அதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலைச் சபைக்காக ஏலம் விடுவது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் கொண்டுபோன கோவா மேசைமேல் இருக்கிறது. வெளி இலையைக்கூட உரிக்காமல், மண் மட்டும் கழுவி வைத்தது. ஐந்நூறு என்று தொடங்கினார்கள், ஆயிரம், ஆயிரத்தைநூறு என்று ஏறியது. அவர் எழுந்து "ஐயாயிரம்" என்றார். சனம் கைதட்டியது. போதகர் ஐயா அவருக்காக அங்கேயே ஒரு சின்ன ஜெபம் பண்ணினார். அவருடைய செக் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது, பேங்க்காரன் வைத்த துண்டோடு. அவர் என் கோவாவைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு என் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "உங்க தோட்டத்துக் கோவா தானே அண்ணே? நல்லா இறுகி விளைஞ்சிருக்கு" என்றார். கையை நீட்டினார். நானும் கையைக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் மனைவியின் சங்கிலியை அடகுவைத்துத் தோட்டத்தில் வேலைசெய்த பெண்களுக்குச் சம்பளம் கொடுத்திருந்தேன். கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமத்தில் இருக்கிறதே. 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தி விளைச்சல் பாதியாய்ப் போனபோதும், அடுத்த வருடம் டீசல் இல்லாமல் மூட்டைகள் ரோட்டோரத்தில் அழுகியபோதும் அந்த ஒரு வசனத்தை நான் விடவில்லை. அதே வசனம் அவருக்கு இல்லையா? நற்கருணைக்குப் போகாமல் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். இவ்வளவுதான்.

ஹட்டன் ஹார்ட்வெயார்

அண்ணே, வாசித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கும் ஒரு கொந்தராத்துக்காரர் சீமெந்தும் கம்பியும் எடுத்துவிட்டுக் காணாமல் போனார். கடைசியில் ஒரு மரண வீட்டில் கண்டேன். அங்கே எதைப் பேச? விட்டுவிட்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் உங்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்த செக்கை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பதில் பிரயோசனம் இல்லை. திகதியிலிருந்து ஆறு மாதம் போனால் பேங்க் அதை எடுக்காது. பேங்க் கொடுத்த துண்டை அதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், இரண்டையும் போட்டோ பிரதி எடுங்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது இலங்கையில் குற்றம், 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடும் சட்டத்தில் அது இருக்கிறது. ஒரு சட்டத்தரணியைக் கொண்டு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். கடிதம் கையில் கிடைத்ததுமே பாதிப் பேர் காசைப் புரட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் இணக்க சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைத்தது, வக்கீல் தேவையில்லை, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசலாம். தவணை போட்டுக் கட்டுவதாக அவர் அங்கே கையெழுத்து வைத்தால் அது எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது, மத்தேயு 18. உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்ல முடியாது. நீங்கள் முதல் படிக்கே போகவில்லை. நற்கருணை எடுக்காமல் இருந்தது அவருக்கா நஷ்டம்?

மூன்றாவது, இனி ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். சபை ஆள், சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று பார்க்க வேண்டாம். கடன் கொப்பியை மூடினால் பாதி வியாபாரம் போகும் என்பார்கள். போகட்டும். எஞ்சுகிற பாதியில் நிம்மதியாகத் தூங்கலாம்.

பண்டாரவளை பேக்கரி

நான் கத்தோலிக்கர். எனக்கு ஏலம் இல்லை, கியூதான்.

2022 ஜூலை. கேஸ் இல்லை, டீசல் இல்லை, மா விலை ஏறிக்கொண்டே போனது. விறகுக்கு மாறியிருந்தோம். அதிலும் ஈர விறகு, பாண் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வேகாது. வேலைக்கு இருந்த பையன் நின்றுவிட்டான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். விறகு ஏற்றுகிற லொறிக்கு டீசல் வேண்டுமென்று கேனைத் தூக்கிக்கொண்டு ராத்திரியே போய் வரிசையில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் எங்கள் ஃபாதர். வெள்ளை அங்கி இல்லை, ஸ்வெட்டரும் தொப்பியும். கோயில் ஜெனரேட்டருக்குக் கேனோடு வந்திருக்கிறார். முன்னுக்கு வரச்சொல்லி ஆட்கள் கூப்பிட்டும் அவர் போகவில்லை.

விடியப் பார்த்து, டீசல் பவுசர் வராது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. ஃபாதரைப் பார்த்து, அத்தனை சனத்துக்கு முன்னால், "ஞாயித்துக்கிழம மேடையில நின்னு ஆண்டவர் பாத்துக்குவார்னு சொல்றீங்களே, எங்க பாத்தார்? என் அடுப்பைப் பாத்தாரா?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த சிங்கள ஐயாவுக்குத் தமிழ் விளங்கியதோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபாதர் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பைக்குள்ளிருந்து சின்ன ஜெபப் புத்தகத்தை எடுத்தார். வெளிச்சம் போதவில்லை, போன் டார்ச்சை அடித்துப் பக்கத்தைத் தேடி, "எதுவரைக்கும் ஆண்டவரே? என்றைக்குமா என்னை மறந்துவிடுவீர்?" என்று தாவீது அழுகிற சங்கீதத்தை வாசித்தார். அதைக்கூட எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான். பிறகு, "இத நீங்க எனக்குச் சொல்ல வேணாம் மகள், அவருக்கே சொல்லுங்க. அவர் கேட்டுப் பழகினவர்" என்றார். கேனைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்விட்டார்.

அன்றைக்கு டீசல் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கடை மூடிக்கிடந்தது. ஆனால் அதுவரைக்கும் எனக்கு ஜெபம் என்றால் நன்றி சொல்வதும் கேட்பதும்தான். திட்டுவதும் ஜெபத்தில் சேரும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இப்போதும் மா விலை ஏறினால் மா பிசைந்துகொண்டே அவரிடம் சண்டை பிடிப்பேன், வாய்விட்டு. வேலைக்கு இருக்கிற பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

கந்தப்பளை அண்ணா, நீங்கள் பெஞ்சில் இருந்தது தப்பென்று எனக்குப் படவில்லை. அங்கே உட்கார்ந்துகொண்டு ஆண்டவரிடம் என்ன சொன்னீர்கள் என்றுதான் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

தலவாக்கலை த்ரீவீல்

ஹட்டன் அண்ணன் மத்தேயு 18ஐ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதே கையோடு 1 கொரிந்தியர் 6ஐயும் வாசியுங்கள். சகோதரன்மேல் சகோதரன் வழக்குக்குப் போவதைவிட ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக்கூடாது என்று பவுல் கேட்கிறார். கோரிக்கைக் கடிதமும் மத்தேயுவும் எப்படி ஒரே பதிவில் வரும்?

நான் எழுத வந்தது வேறு. எனக்கு லீசிங்கில் மூன்று தவணை விழுந்துவிட்டது. இங்கே பெயர் சொல்லப்போவதில்லை, ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் சொன்னார், கையில் இருப்பதைக் காணிக்கையாக விதைத்தால் கடன் ஒரே மாதத்தில் அறுபடும் என்று. தவணைக்கென்று வைத்திருந்ததை அங்கே போட்டார்கள் என் வீட்டில். உபவாச ஜெபத்தில் இருக்கும்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் வாசலில் எண்ணெய்க் கறை மட்டும். மகனுடைய ஸ்கூல் சப்பாத்து வண்டிக்குள் போய்விட்டது. அடுத்த நாள் அவன் செருப்போடு ஸ்கூலுக்குப் போனான். வண்டி போனதைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அந்தப் பிரசங்கியார் பிறகு வரவில்லை. வந்தது எங்கள் லயத்துச் சின்னச் சபையின் பாஸ்டரம்மா. ஒரு சிஆர் கொப்பியும் பேனையும் கொண்டுவந்தார். "மொதல்ல எழுதுவோம், அப்புறம் ஜெபிப்போம்" என்றார். யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தக் கடன் அடகு, எது கைமாற்று, ஒன்றுவிடாமல். நான் ஒளித்துவைத்திருந்த ஒரு கடனையும் மனைவி வாயாலே சொல்லவைத்துவிட்டார். எழுதி முடிக்க ராத்திரியாகிவிட்டது. ஜெபம் ஐந்து நிமிஷம் இருக்குமோ என்னவோ. அந்த ஜெபத்தில்தான் முதல்முறையாக எங்கள் கடனின் உண்மையான தொகையை ஆண்டவருக்கு முன்னால் சொன்னோம். வண்டி திரும்பிவரவில்லை. இப்போது வாடகைக்கு ஓட்டுகிறேன்.

ஹட்டன் ஹார்ட்வெயார்

தம்பி, பவுல் வழக்கு வேண்டாம் என்றார், கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே அதிகாரத்தில், சகோதரருக்குள் தீர்த்துவைக்கிற விவேகி உங்களில் ஒருவன்கூட இல்லையா என்றும் கேட்கிறார். இணக்க சபை கோர்ட் இல்லை. நாம் வாயைமூடிக்கொண்டு அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறோம். அடுத்த மரக்கறிக்காரன் அதே ஆளிடம் ஏமாறுகிறான். அந்தப் பாவம் யார் கணக்கில்?

உங்கள் வண்டி விஷயத்தில், தவணை விழத் தொடங்கியதுமே லீசிங் மெனேஜரைப் போய்ப் பார்த்து எழுத்தில் அவகாசம் கேட்டிருக்க வேண்டும். இனி யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்.

புசல்லாவ கொழுந்து

எல்லாரும் ஏமாந்த கதையைச் சொல்கிறீர்கள். என் எரிச்சல் வேறு மாதிரி.

சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து எடுத்து ஃபெக்டரிக்குக் கொடுக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு நான். இந்தத் தொழிலில் தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் எடையில் கழிப்பது வழக்கம், மழை நாளில் அது நியாயமும்கூட. ஆனால் வெயிலடிக்கிற நாளிலும் அதே கழிவு, தராசு முள் நிற்பதற்கு முன்னாலேயே சாக்கை இறக்குவது, அரைக் கிலோ கால் கிலோவை எழுதாமல் விடுவது, இதெல்லாம் எங்கள் பாதையில் ஓடுகிற மற்ற லொறிக்காரர் செய்கிறார். நான் செய்வதில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று அப்பா லொறிக்குள்ளேயே எழுதி ஒட்டியிருந்தார்.

ஒரு பெரியவர், கோயில் குளம் என்று இருக்கிற ஆள், எங்களுக்கு வருடக்கணக்காகக் கொழுந்து தந்தவர். ஒருநாள் பார்த்தால் அவர் சாக்கு மற்ற லொறியில் ஏறுகிறது. இறங்கிப்போய்க் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "தம்பி, ஒங்க தராசுல நாலு கிலோ கூடக் காட்டுது. அது எனக்குத் தெரியாமயா இருக்கு? மகளுக்குக் கலியாணம் வச்சிருக்கேன். அவரு அட்வான்ஸ் தாராரு."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் வேண்டுமென்றே, தெரிந்தே குறைந்த எடைக்குப் போகிறார். ஃபெக்டரி எனக்கு மாதம் முடிந்துதான் காசு தருகிறது, நான் எங்கே அட்வான்ஸ் கொடுக்க? களவெடுக்கிறவரிடம்தான் கடன் கொடுக்கக் காசு இருக்கிறது, அந்தக் காசே அவர்களிடமிருந்து கழித்த காசுதான். சங்கீதம் 37இல் பொல்லாதவர்களைக்குறித்து எரிச்சலடையாதே என்று இருக்கிறது. நான் அடைகிறேன். ஒவ்வொரு நாளும் அதே வளைவில் அந்த லொறியைக் காண்கிறேன்.

ஒரேயொரு மாற்றம் செய்திருக்கிறேன். மாதம் முடியும்வரை காக்கவைக்காமல் கிழமைக்கொரு தரம் ஒரு பங்கைக் கையிலிருந்து கொடுக்கிறேன். என்னால் முடிவது அவ்வளவுதான். சிலர் திரும்பி வந்தார்கள். அந்தப் பெரியவர் வரவில்லை. மகள் கலியாணத்துக்குப் பத்திரிகை வைத்தார், போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் மற்ற லொறிக்காரர். சாம்பார் வாளி வந்தபோது அவர்தான் என் இலையைக் காட்டி, "தம்பிக்கு ஊத்துங்க" என்றார். நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசுகிறார். அதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கந்தப்பளை மரக்கறி

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். பேக்கரி தங்கச்சி கேட்டதற்குப் பதில்: பெஞ்சில் இருந்துகொண்டு நான் ஒன்றுமே சொல்லவில்லை. வாயே வரவில்லை. நேற்றிரவு கோவாப் பாத்தியில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது சொன்னேன். அவர் பெயரைச் சொல்லி, தொகையைச் சொல்லி, சங்கிலியைச் சொல்லி. கொஞ்சம் அழுதேன்.

ஹட்டன் தம்பி, சட்டத்தரணிக்கு இப்போது போகவில்லை. செக்கை வேதாகமத்திலிருந்து எடுத்துப் பைலில் போட்டுவிட்டேன், பிரதியும் எடுத்தாயிற்று. இன்று காலையில் அவருக்கு போன் எடுத்தேன். "தனியாகப் பேச வேண்டும், கடைக்கு வரவா, வீட்டுக்கு வரவா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்ல வேணாம் அண்ணே, புள்ளைங்க இருக்கு. கடைக்கு வாங்க" என்றார். புதன்கிழமை போகிறேன்.

பண்டாரவளை பேக்கரி

போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணா. பசியோடு போனால் வார்த்தை தடிக்கும். அன்றைக்கு எந்த நேரம் என்று சொல்லுங்கள், அடுப்படியில் நின்றே ஜெபித்துக்கொள்கிறேன்.

கந்தப்பளை மரக்கறி

பின்னேரம் நாலு மணி, தங்கச்சி.