கழுத்து ஆபரேசனுக்கு முன்னாடி ஈஎம்ஜி எடுக்கோணுமா?

சோமனூர் தறிக்காரன்:
எங்க மாமாவுக்கு 58 வயசுங். தை மாசத்துல இருந்து வலது கை சூம்பிட்டே வருது, தறியில நூல் முடி போட முடியலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல குழி விழுந்திருச்சு. வலி, மரமரப்பு ஒண்ணுமில்லை. எம்ஆர்ஐ பாத்துட்டு ஒரு டாக்டர், கழுத்து ஜவ்வு நரம்பை நசுக்குது, ஆபரேசன் பண்ணோணுங்கறாரு. இன்னொருத்தரு, சதையை அசைக்கற நரம்பு செல்லுங்க செத்துட்டே வர்ற மோட்டார் நியூரான் நோயா இருக்கலாம், மொதல்ல ஈஎம்ஜிங்கறாரு, அதாவது கரண்ட்டும் ஊசியும் வெச்சு நரம்பையும் சதையையும் பாக்கற டெஸ்ட்டாமா. என்னங் பண்றது?

கோபி மஞ்சக்காட்டான்:
வேண்டாமுங்க. எங்கப்பாருக்கு எடுத்தோம். கை, கால்னு குத்திப் பாத்துட்டு, "இப்ப உறுதியாச் சொல்ல முடியாது, கொஞ்ச நாள் கழிச்சு வாங்க"ன்னுட்டாங்க. அந்த நோயேதான்னு வெச்சுக்குவோம், குணமாக்க மருந்து இருக்குதா? ரிலுசோல் 1995ல வந்த மாத்திரை, சில மாசம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். இதுக்கு எதுக்கு மனுசனை வதைக்கோணும்?

பீளமேடு நரம்பு டெக்னீசியன்:
மருந்தில்லைங்கறது மோட்டார் நியூரான் நோய்க்கு. வந்திருக்கறது அதுதான்னு யாருங் முடிவு பண்ணுனது? மல்டிபோகல் மோட்டார் நியூரோபதின்னு ஒண்ணு, இதே மாதிரி வலியில்லாம கையைச் சூம்ப வைக்கும். இம்யூனோகுளோபுலின்னு நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏத்துனா பலருக்குத் தேறும். ஈஎம்ஜில மொதல்ல நரம்புல கரண்ட் வெச்சுப் பாக்கறப்ப அந்த நோய்ல சிக்னல் நடுவழியில மறிச்சு நின்னுரும். மோட்டார் நியூரான் நோய்ல அப்படி நிக்காது, தொடு உணர்ச்சி நரம்பும் நல்லா இருக்கும்.

அடுத்ததுதான் ஊசி. அதுல கரண்ட் கிடையாதுங்க, சதைக்குள்ள தானா வர்ற சிக்னலைக் கேக்கறதோட சரி. கையைத் தளர்த்தி வெச்சா சதை அமைதியா இருக்கோணும். நரம்பு விட்டுப்போன சதை, ஓட்டுமேல தூறல் விழற மாதிரி ஸ்பீக்கர்ல சடசடங்கும்.

கோபி மஞ்சக்காட்டான்:
கழுத்து ஜவ்வு நசுக்குனாலும் அதே சடசடதானுங்களே?

பீளமேடு நரம்பு டெக்னீசியன்:
கையில அதேதான், பிரிக்க முடியாது. அதனாலதான் நாக்கு, நெஞ்சு மட்டத்துல முதுகு, கால்னு பாக்கறது. கழுத்து ஜவ்வு எப்படி நசுக்குனாலும் நாக்குக்குப் போற நரம்பு அதுக்கு மேல, மூளைத்தண்டுல இருந்து வருது. பலவீனமே தெரியாத இடத்துலயும் சடசட இருந்தா, கழுத்தைக் கீறறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கோணும்.

பொள்ளாச்சி மாப்பிள்ளை:
ரெண்டு பேரும் மெசினையே கட்டிட்டு அழறீங்க. மூளையில இருந்து தண்டுவடத்துக்கு உத்தரவு கொண்டு வர்ற மேல் மோட்டார் நியூரான் கெட்டிருக்குதான்னு ஈஎம்ஜி காட்டவே காட்டாது. அதைச் சுத்தியல்ல முட்டியைத் தட்டி, எச்சாத் துள்ளுதான்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கோணும். 2019ல ஆஸ்திரேலியாவுல கோல்டு கோஸ்ட்ல டாக்டருங்க கூடி இந்த நோயைக் கண்டுபிடிக்கறதுக்குப் போட்ட விதியிலயும், நோய் வரவர முத்தறதும் கைகால்ல தெரியற அறிகுறியும்தான் அடிப்படை. தண்டுவடத்துல இருந்து சதைக்குப் போற கீழ் நியூரான் கெட்டதுக்கு ஈஎம்ஜி ஒரு சாட்சி. சூம்புன கையிலயே தட்டுனா துள்ளல் அதிகமா இருக்குதான்னு டாக்டர் பாத்தாராங்?

சோமனூர் தறிக்காரன்:
பாத்தாருங். கை, கால் ரெண்டுலயும் துள்ளல் எச்சா இருக்குதுன்னு எழுதியிருக்காரு.

பொள்ளாச்சி மாப்பிள்ளை:
கழுத்துல தண்டுவடம் நசுங்குனாலும் கால் துள்ளும். தாடையைத் தட்டிப் பாத்தாங்களான்னு கேளுங்க, அது துள்ளுனா கழுத்தைக் குத்தம் சொல்ல முடியாது.

சோமனூர் தறிக்காரன்:
கேக்கறனுங். அத்தையும் டெஸ்ட் எடுத்துரலாங்கறாங்க. மாமா ரத்தம் இளக்கற மாத்திரை சாப்பிடறாரு, நிறுத்தோணுமா?

பீளமேடு நரம்பு டெக்னீசியன்:
நீங்களா நிறுத்தாதீங்க. பேர் குடுக்கறப்பவே மாத்திரைச் சீட்டைக் காட்டுங்க. அன்னைக்கு எண்ணெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம்.

கோபி மஞ்சக்காட்டான்:
போயிட்டு வாங்க. நாக்குல ஊசி ஏத்தறப்ப இந்தப் பேச்செல்லாம் மறந்து போகும்.

பீளமேடு நரம்பு டெக்னீசியன்:
வாயைத் திறக்க வேண்டியதே இல்லைங்க, தாடைக்கு அடியில இருந்தும் நாக்குச் சதைக்குப் போடலாம். முடியவே முடியாதுன்னா தோள்பட்டை மேல்சதையில பாப்பாங்க.