தங்கம் தேட டிடெக்டர்: ஒரு லட்சத்துக்குள் எது வாங்கலாம்?

பேரணாம்பட்டான்:
வணக்கம். அத்தை பையன் ஆஸ்திரேலியாவுல, பெண்டிகோவுல இருக்கான். அடுத்த வருஷம் அங்க போகும்போது தங்கம் தேடிப் பார்க்கலாம்னு திட்டம். மெஷினை இப்பவே வாங்கி எங்க மானாவாரி நிலத்துல கை பழகிக்கலாம்னு நினைக்கிறேன். பட்ஜெட் ஒரு லட்சம்.

விஎல்எஃப் (விடாம அலை அனுப்பற வகை) வாங்கறதா, பிஐ (துடிப்பு துடிப்பா அனுப்பற வகை) வாங்கறதா? இங்கிருந்து வி.கோட்டா வழியா போனா கேஜிஎஃப் பக்கம்தான், பாலாறும் கோலார் மாவட்டத்து வழியாத்தான் வருது. ஆத்து மணல்ல ஓட்டினா ஏதாவது தேறுமா? இன்னொண்ணு: ஒருத்தர் ஆன்டெனா வச்ச மெஷின் ஒண்ணைக் காட்டி, ஒரு கிலோமீட்டர் சுத்தளவுல தங்கம் இருந்தா அந்தப் பக்கம் திரும்பும்கறார். நம்பலாமா?

கருமணல்:
மெஷினுக்கு முன்னாடி மண்ணைப் பாருங்க. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில போட்டு மண்ணுல இழுங்க. கருப்பா மீசை மாதிரி ஒட்டினா அதுல மேக்னடைட்ங்கற இரும்புக் கனிமம் அதிகம். அந்த மண்ணுல விஎல்எஃப் மெஷின் சும்மா கத்திட்டே இருக்கும், ஆழமும் குறையும். பெண்டிகோ இருக்கிற விக்டோரியா மாநிலத்துல தங்கம் கிடைக்கிற இடங்கள்லயும் இரும்புக்கல் நிறைய. அங்க பிஐ ராஜா ஆனதுக்குக் காரணம் இதுதான், அது மண்ணோட தொல்லையைப் பெருசா கண்டுக்காது. ஆனா ஆணிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்றதுல அது மட்டம், நாள் முழுக்கத் துரு தோண்டணும். நல்ல பிஐ விலையும் பல லட்சம்.

அதனால என் யோசனை: இங்க விஎல்எஃப் வாங்கிப் பழகுங்க. அங்க போனதும் பிஐயை ரெண்டு மூணு நாள் வாடகைக்கு எடுங்க, அந்த ஊர்க் கடைகள்ல கிடைக்கும்.

விஎல்எஃப்ல ரெண்டு மெஷின் சொல்றேன். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000, 45 கிலோஹெர்ட்ஸ். கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணோட சத்தத்தைக் கழிக்கிறதை, அதுவே பார்த்துக்கும், புதுசா பழகறவங்களுக்குத் தோது. நோக்டா கோல்ட் க்ரூஸர், 61 கிலோஹெர்ட்ஸ், 5 மீட்டர் வரைக்கும் தண்ணியில முக்கலாம், கிரவுண்ட் பேலன்ஸ் கையாலயும் செய்யலாம். அலைவரிசை ஏற ஏறக் குண்டுமணி அளவு தங்கம் நல்லா கேட்கும், ஆனா மண்ணோட சத்தமும் கூடவே ஏறும். கற்றுக்கணும்னு இருக்கிறவருக்கு ரெண்டாவதுதான் என் சாய்ஸ். காயில், அதாவது தரைமேல ஓட்டற வட்டு, சின்னதையே மாட்டுங்க. பெரிய காயில் ஆழம் போகும், பொடித் தங்கத்தைக் கோட்டை விடும்.

"கோல்ட் மோடு"ங்கறதை வச்சு ஏமாறாதீங்க. பாக்கு பாக்கெட் ஃபாயில், ஈயக் குண்டு, சின்னத் தங்கம் மூணும் மெஷின் திரையில ஏறக்குறைய ஒரே எண்ணுலதான் வரும். டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை ஒதுக்கற அமைப்பை) ஏத்தி ஃபாயிலை ஒதுக்கினா தங்கமும் அதோட போயிடும்.

ஈயக்குண்டு:
ஆன்டெனா மெஷின்: வாங்காதீங்க. டிடெக்டர்ங்கறது காயில்லேர்ந்து காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பி, உலோகத்துல உண்டாகிற சுழல் மின்னோட்டம் திருப்பி அனுப்பறதைக் கேட்கிற கருவி. தூரம் கூடக்கூட அந்தப் பதில் படுவேகமா தேயும். ஒரு கிராம் தங்கத்துக்குச் சாண் ஆழமே பெரிய விஷயம். கிலோமீட்டர்லேர்ந்து காட்டற குச்சி, பிடிச்சிருக்கிறவர் மணிக்கட்டு சாயிற பக்கம் திரும்புது, அவ்வளவுதான். சோதிக்கணும்னா ஒரே மாதிரி பத்து டப்பா எடுத்து, ஒண்ணுல மட்டும் மோதிரம் வச்சு, எதுலன்னு விக்கிறவருக்குத் தெரியாம கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அன்னிக்கே பேரம் முடிஞ்சிடும்.

பாலாறு: ஆத்து மணல்ல தங்கம் இருந்தாலும் தூளாத்தான் இருக்கும். அந்தத் தூள்ல ஒவ்வொரு துகளும் டிடெக்டருக்குக் கேட்காத அளவு சின்னது. அதுக்குத் தட்டுல அரிக்கிறதுதான் வழி. கேஜிஎஃப் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள்ள இருந்தது, அதுக்காக மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம் போனாங்க. 2001ல சுரங்கத்தை மூடிட்டாங்க. வெளியில மலை மாதிரி கிடக்கிறது அரைச்சுச் சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த கழிவு. அந்தப் பக்கமே வேண்டாம்.

சட்டம்: உரிமம் இல்லாம கனிமம் தேடறது 1957 கனிமச் சட்டப்படி குற்றம். சொந்தப் பட்டா நிலத்துல பழைய காசோ நகையோ கிடைச்சாலும் 1878 புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குத் தெரிவிக்கணும். வேலூர்க் கோட்டை, பழைய கோயில் பக்கம் மெஷினை வெளியிலயே எடுக்காதீங்க.

பேரணாம்பட்டான்:
நன்றி அண்ணே. ஆன்டெனாவை விட்டாச்சு. நிலத்துல எப்படிப் பழகறது?

கருமணல்:
ஏர்கன் குண்டு ஒரு டப்பா வாங்குங்க. 0.177 குண்டு ஏறக்குறைய அரை கிராம் இருக்கும், சின்னத் தங்கத்துக்குப் பதிலா வச்சுப் பழக அது போதும். முதல்ல மெஷினை ஓட்டி அந்தத் துண்டு நிலத்துல இருக்கிற ஆணி, கம்பியை எல்லாம் பொறுக்கிடுங்க. அப்புறம் குண்டுகளை 3, 6, 10 சென்டிமீட்டர் ஆழத்துல புதைச்சு, பக்கத்துல பிளாஸ்டிக் குச்சி நடுங்க. ஒரு துரு ஆணியையும் புதைங்க, அந்தச் சத்தமும் காதுக்குப் பழகணும். வீட்டுல மெல்லிய செயின் இருந்தா தரைமேல போட்டு ஓட்டிப் பாருங்க. கனமா இருந்தும் சத்தம் வராது. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடியாத்தான் மெஷினுக்குத் தெரியும், பல நேரம் கொக்கி மட்டும்தான் கேட்கும்.

கிரவுண்ட் பேலன்ஸ்: உலோகம் இல்லாத இடத்துல காயிலை முழங்கால் உயரத்துலேர்ந்து தரைக்கு ரெண்டு விரற்கடை வரைக்கும் ஏத்தி இறக்குங்க. ஏத்தும்போதும் இறக்கும்போதும் சத்தம் ஒரே மாதிரி ஆகிற வரைக்கும். சென்சிட்டிவிட்டியை முழுசா வைக்காதீங்க. மெஷின் அமைதியாகிற வரைக்கும் குறைங்க, சளசளன்னு கத்திட்டிருந்தா மெல்லிய சத்தம் காதுல விழாது. மின்கம்பி பக்கத்துல வேற தொல்லை, அங்க சேனல் மாத்திப் பாருங்க. வீச்சு மெதுவா, முந்தின வீச்சுல பாதி மேல படியணும். கைவீச்சு முடியற இடத்துல காயில் தானா மேல எழும், அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. இயர்போன் கட்டாயம்.

திடீர்னு மெஷின் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆச்சுன்னா காயில் கவரைக் கழட்டுங்க. உள்ள கருமணல் சேர்ந்திருக்கும். அது இல்லைன்னா, தண்டுல சுத்தின கேபிள் தொளதொளன்னு இருக்கும்.

மேரிபரோ_மணி:
தம்பி, விக்டோரியாவில் தேட மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். இணையத்திலேயே கிடைக்கும், 10 ஆண்டு செல்லும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் அனுமதி இல்லை, தனியார் நிலமானால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். தோண்டிய குழியை அங்கேயே மூடிவிட வேண்டும். பெண்டிகோவுக்கு மேற்கே கிங்கோவர் பக்கம் 1980ல் டிடெக்டரால் கிடைத்த கட்டி 27 கிலோ. அதே வட்டாரத்தில் நாள் முழுக்க ஈயக் குண்டு மட்டுமே பொறுக்குகிறவர்கள்தான் அதிகம்.

ஒன்று யாரும் சொல்லவில்லை. பேரணாம்பட்டு மண்ணோடு மெஷினை மெல்போர்னில் இறக்காதீர்கள். மண் ஒட்டிய எதையும் அங்கே விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள். காயில் கவர், மண்வெட்டி, ஷூ அடி எல்லாவற்றையும் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, அங்கே இறங்கியதும் படிவத்தில் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். லித்தியம் பேட்டரி கைப்பையில் வரட்டும்.