புதுப்பிப்பு: எண்ணெய் ஆலையில் உரிந்துபோன ரப்பர் சக்கரங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் காஸ்டர் (வண்டிக்கு அடியில் பொருத்தும் சக்கரம்) கடையிலிருந்து ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குக் கொடுத்த தள்ளுவண்டிச் சக்கரங்கள், நான்கே மாதத்தில் உப்பி உரிந்துவிட்டன என்று போன மாதம் எழுதியிருந்தேன். மட்டமான சரக்கு என்று மொத்த வியாபாரியைச் சந்தேகப்பட்டேன்.

தவறு என்னுடையது. நேரில் போய்ப் பார்த்தால் தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, உறிஞ்சி ஊதிவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே எங்களை வளர்த்தவர் அப்பா. பழைய சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தவர், "எண்ணெயைக் குடிச்சிருச்சுய்யா" என்றார். நான் முதலிலேயே அவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் சுமைக் கணக்கு. வண்டியும் சரக்கும் சேர்த்து 600 கிலோ. நான்கால் வகுத்து, ஒவ்வொன்றும் 150 கிலோ தாங்கும் காஸ்டர் கொடுத்திருந்தேன். மேடுபள்ளமான தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், மற்ற மூன்றும்தான் சுமக்கும். அதனால் மூன்றால் வகுக்க வேண்டும்: 200 கிலோ.

இப்போது 250 கிலோ தாங்கும் பாலியூரித்தேன் (எண்ணெயைத் தாங்கும், ரப்பர் போன்ற செயற்கைப் பொருள்) சக்கரங்களை என் செலவிலேயே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். நைலானும் எண்ணெயைத் தாங்கும். ஆனால் கடினம், சத்தம் அதிகம், நாள் முழுக்கத் தள்ளுகிறவர்களின் கைக்கு அதிர்வு வேறு. மூன்று வாரமாக உப்பல் இல்லை. நான்கு மாதம் தாண்டியதும் போய் அளந்துவிட்டு எழுதுகிறேன்.