மறு: ‘உயர் பாதுகாப்பு உருளை’ சரிதானா? ‘முக்காப்பு’ என்று ஒரு முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம். எளிதில் திறக்கவோ உடைக்கவோ முடியாதது என்று விற்கப்படும் பூட்டின் உருளைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஹை செக்யூரிட்டி சிலிண்டர் = உயர் பாதுகாப்பு உருளை. படித்ததும் புரிகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமே?

படித்ததும் புரிவதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. ‘நல்ல பூட்டு’ என்று மனம் நிறைந்துவிடுகிறது. எதிலிருந்து காக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அட்டைப்பெட்டியின்மேல் அச்சடிக்க ஏற்ற சொல், அகராதிக்குப் போதாது. ‘உருளை’ பற்றி எனக்குச் சண்டை இல்லை. எரிவாயு நினைவுக்கு வராமலிருக்க ‘பூட்டுருளை’ என்று சேர்த்து எழுதிவிடலாம். ‘உயர் பாதுகாப்பு’தான் இடிக்கிறது.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். சாவியோடு சுழலும் உள்ளுருளை ஒன்று, அதைச் சுற்றி அசையாத கூடு ஒன்று. இரண்டையும் குறுக்கே பிணைத்து நிற்கின்றன சிறு உலோகக் குச்சிகளான முளைகள். ஒவ்வொரு முளையும் மேல்துண்டு, கீழ்த்துண்டு என இரண்டாக இருக்கும். சரியான சாவி நுழைந்தால் எல்லா முளைகளின் இடைவெளியும் உள்ளுருளையின் விளிம்பில் ஒரே வரிசைக்கு வரும், உருளை திரும்பும். அந்த விளிம்பை இங்கே ஒருவர் ‘வெட்டுக்கோடு’ என்றார். அங்கே எதுவும் வெட்டுப்படவில்லை. துண்டுகள் பிரிகின்றன, அவ்வளவுதான். ‘பிரிகோடு’ போதும். லைனஸ் யேல் (இளையவர்) 1861லும் 1865லும் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை எண்ணம் பழைய எகிப்திய மரப்பூட்டிலேயே இருக்கிறது.

முதல் பலவீனம் கடைசலில் வருகிறது. துளைகள் எல்லாம் மயிரிழை பிசகாமல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை. உள்ளுருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் ஒரு முளை மட்டும் முதலில் இறுகும். அதைப் பிரிகோட்டில் நிறுத்தினால் அடுத்தது இறுகும். ஒவ்வொன்றாக ஏமாற்றிவிடலாம். இதுதான் நோண்டித் திறப்பது. இன்னொரு வழி, எல்லாப் பள்ளங்களையும் அடிமட்டம்வரை வெட்டிய சாவியைச் செருகி ஒரு தட்டு தட்டுவது. மேல்துண்டுகள் ஒரு கணம் துள்ளும், அந்தக் கணத்தில் உருளை திரும்பும். ‘தட்டுச்சாவி’ என்று முன்மொழிந்தவருக்கு என் ஓட்டு. ‘அதிர்வுத் திறவுகோல்’ வேண்டாம், ஆய்வேட்டு வாடை அடிக்கிறது.

இதற்கு மருந்தும் உண்டு. 1968இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான மெடிகோவின் பூட்டில் முளை உயர்ந்தால் மட்டும் போதாது, சரியான கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டில் நிற்கும் தண்டு முளைகளின் பள்ளங்களுக்குள் இறங்கி வழிவிடும். அந்தத் தண்டு ‘பக்கத்தாழ்’. பூட்டுக்குள் இன்னொரு தாழ்ப்பாள் என்று சொன்னால் யாருக்கும் புரியும். ஃபின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் 1907இல் உருவாக்கிய அப்லாய் பூட்டில் முளைகளே கிடையாது, வட்டத்தகடுகள்தான். முளைகளை அழுத்தி நிற்கும் சுருள்வில்லும் இல்லாததால், தட்டினாலும் துள்ள ஒன்றும் இல்லை.

சரி, நோண்ட முடியாது. முறித்தால்? ஐரோப்பிய வகைப் பூட்டுருளையின் நடுவில் திருகாணி போகும் துளை உண்டு. அந்த இடத்தில் உலோகம் மெலிந்திருக்கும். கதவுக்கு வெளியே உருளை துருத்திக்கொண்டிருந்தால் பிடித்து வளைக்கலாம், நடுவில் உடைந்துவிடும். உள்ளே எத்தனை பக்கத்தாழ் இருந்தாலும் பயனில்லை. அதனால் சில உருளைகளில் முன்பக்கமாக வேண்டுமென்றே ஒரு வெட்டுப்பள்ளம் வைக்கிறார்கள். முன்துண்டு மட்டும் உடையும், மீதி பூட்டியபடியே நிற்கும். பல்லியின் வால் மாதிரி.

மூன்றாவது பலவீனம் கதவில் இல்லை, சாவி விற்கிற இடத்தில் இருக்கிறது. இந்த இழையில் யாரும் அதைத் தொடாததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பள்ளம் வெட்டாத சாவிக்கு ‘வெற்றுச் சாவி’ என்று முன்பு எழுதினோம். நான் ‘மொட்டைச்சாவி’ என்பேன். அது தாராளமாகக் கிடைத்தால் கள்ளச்சாவிக்குத் தடையே இல்லை. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மேட் பிளேஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வை நினைத்துப் பாருங்கள். பல கதவுகளுக்கு ஒரே மாஸ்டர் சாவி உள்ள கட்டடத்தில், ஒரு கதவின் சாதாரணச் சாவி கையிலிருந்தால் போதும். ஐந்து முளை, ஒவ்வொன்றுக்கும் பத்து ஆழம் என்றால் கணக்குப்படி 1,00,000 சாவிகள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு முளையின் ஆழத்தை மட்டும் மாற்றிச் சோதித்தால் அதிகபட்சம் 45 முயற்சியில் மாஸ்டர் சாவி அகப்பட்டுவிடும். செலவு ஐந்து மொட்டைச்சாவி. அவை கிடைக்காவிட்டால் முழுத் திட்டமும் படுத்துவிடும்.

எனவே உற்பத்தியாளர்கள் சாவியின் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கி, மொட்டைச்சாவியை ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டும் வழங்குகிறார்கள். உரிமையாளர் அட்டையைக் காட்டினால்தான் நகல் கிடைக்கும். காப்புரிமையின் ஆயுளோ 20 ஆண்டு. அது முடிந்த மறுநாள் யார் வேண்டுமானாலும் அந்த மொட்டைச்சாவியைச் செய்து விற்கலாம். கதவிலிருக்கும் உலோகம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் பூட்டு பலவீனமாகிவிட்டது. அதற்குள்ளேயே வேறு வழியும் வந்தது. 2013இல் எம்.ஐ.டி. மாணவர் இருவர் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில், இப்படிக் கட்டுப்படுத்தி வழங்கப்பட்ட ஷ்லேஜ் பிரைமஸ் பூட்டின் சாவியை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம் என்று காட்டினார்கள். வழங்கலைக் கட்டுப்படுத்தியே காத்துவந்த பூட்டுக்கு அச்சுப்பொறி போட்டியாகிவிட்டது.

ஆக நோண்டல்காப்பு, முறிவுக்காப்பு, நகல்காப்பு என மூன்று தனித்தனிக் காப்புகள். மூன்றும் இருந்தால் அது முக்காப்புப் பூட்டுருளை. காப்புரிமை முடிந்தால் இருகாப்பு. பக்கத்தாழ் மட்டும் வைத்து நடுவில் மெலிந்த உருளையை விற்கிறவர், எது இல்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ‘உயர்’ என்ற சொல்லில் அந்த எண்ணிக்கை இல்லை.

> காப்பு என்றால் வளையல் ஆயிற்றே?

ஆம், போலீஸ்காரர் கையில் மாட்டுவதும் காப்புதான். பூட்டுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்! காப்புரிமையிலேயே அந்தக் காப்பு இருப்பதையும் பாருங்கள். மூன்றாவது காப்பு நேராக அங்கிருந்துதான் வருகிறது.

> துளையிடுவது, அமிலம் ஊற்றுவது எல்லாம் எங்கே சேரும்?

முறிவுக்காப்பில்தான் சேர்க்க நினைத்தேன், ஆனால் ‘முறிவு’ அதற்குக் குறுகலாக இருக்கிறது. ‘வன்காப்பு’ என்று மாற்றினால் வலுவைப் பயன்படுத்தும் எல்லாத் தாக்குதலும் அடங்கும். எதிர்ப்பில்லை என்றால் அப்படியே பதிவிடுகிறேன்.

மாஸ்டர் சாவியை மேலே அப்படியே விட்டதற்குக் காரணம் உண்டு. ‘பொதுச்சாவி’ என்றுதான் முதலில் எழுதினேன்; தகவலை மறைத்து அனுப்பும் மறையாக்கத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே ‘பப்ளிக் கீ’ என்ற வேறு வேலையில் இருக்கிறது. ‘தலைமைச் சாவி’யில் அலுவலக வாடை. வேறு தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.