பெண்களுக்கெனத் தனிப் பீடாதிபதி யாழ் பல்கலைக்கழகத்துக்குத் தேவையா?

நல்லூர் வாசகி:
1922இல் வாஷிங்டனின் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் லூசி டிக்ஸ் ஸ்லோ 'பெண்கள் பீடாதிபதி' ஆனார். கறுப்பின மக்களின் கல்விக்கென எழுந்த இடம் அது. பெண்களும் படித்தார்கள், ஆனால் நிர்வாகம் ஆண்களின் கையில். விடுதிக் கதவைப் பூட்டித் திறக்கிற மேற்றன் வேலை தன்னுடையதல்ல, பெண்களின் கல்வியைத் திட்டமிடுவதே தன் வேலை என்று ஸ்லோ உறுதியாக நின்றார். படித்த பெண்கள் ஆசிரியத் தொழிலுக்கே போவதைக் கண்டு மற்றத் துறைகளுக்கும் வழிகாட்டினார். 1931இல் பெண்களுக்குப் புதிய விடுதிகள் திறந்ததும் அவர் முயற்சிதான். எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பதவி வேண்டும்.

கொக்குவிலான்:
அக்கா, நான் உடன்படவில்லை. 2011இல் பேராசிரியர் வசந்தி அரசரட்ணம் யாழ் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவே வந்துவிட்டார். அதற்கும் முன்பு ரஜனி திராணகம உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்துகொண்டே, 1989இல் சுட்டுக் கொல்லப்படும் வரை, பெண்களுக்காகக் குரல் கொடுத்தார். அவருக்குத் தனிக் கதிரை தேவைப்படவில்லை. இனி ஒன்றைப் போட்டால், "எத்தனை மணிக்கு விடுதிக்கு வந்தீர்?" என்று கேட்கிற கதிரையாகத்தான் அது முடியும்.

மருதனார்மடம்:
சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு 1913இல் எங்கள் ஊரில் கல்லூரி கட்டினார். பிறகு ஆண்களுக்குத் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. 1974இல் யாழ் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அந்த ஆண்கள் கல்லூரி வளவில்தான். பெண்கள் பின்னால் வந்து சேர்ந்த இடத்தில் அவர்களுக்கென ஒருவர் இருந்தால் என்ன குறை?

நல்லூர் வாசகி:
தம்பி, அந்தப் பயம் எனக்கும் உண்டு. நான் படித்தது வேறு மாவட்டத்தில். பகிடிவதை பற்றி முறையிடப் போனபோது, "அந்த நேரம் அங்கே ஏன் போனீர்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். எதிரே இருந்தவர்கள் நாலு பேரும் ஆண்கள். எனக்கு வாய் திறக்கவே முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கும்.

கொக்குவிலான்:
அது நடந்திருக்கவே கூடாது அக்கா. ஆனாலும் ஸ்லோவின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். வேறு எந்தப் பீடாதிபதியிடமும் கேட்காததை அவரிடம் கேட்டார்கள்: வளாகத்துக்குள்ளேயே குடியிருந்து பெண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பதவியை வைத்தே அவரை மடக்கப் பார்த்தார்கள்.

நல்லூர் வாசகி:
உண்மை. அவர் மறுத்தார். 1937இல் இறக்கும் வரை தன் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை.

கொக்குவிலான்:
சரி, அப்படியென்றால் பல்கலைக்கழகத்தின் கல்வி முடிவுகளை எடுக்கும் மூதவையில் இடமும் தனி நிதியும் எழுத்தில் வரட்டும். விடுதிச் சாவி அவர் கையில் வேண்டாம். இதற்கு ஒத்துக்கொண்டால் நானும் மனுவில் கையெழுத்து வைக்கிறேன்.

நல்லூர் வாசகி:
சாவியை நானும் கேட்கவில்லை, தம்பி. மனுவை இன்றிரவே எழுதுகிறேன்.